சீட்டு எங்கே இருக்கிறது?

2008-ல் நான் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில் சர்வரின் பாஸ்வேர்ட் ஒரு மானிட்டரின் கீழ் ஓரத்தில் ஒட்டியிருந்தது. மஞ்சள் சீட்டு, மேலே செலோடேப். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கலாம். டீ கொண்டுவரும் பையன் பார்த்திருப்பான்; ஏ.சி. ரிப்பேருக்கு வந்தவர் நிச்சயம் பார்த்தார், ஏனென்றால் அதற்குப் பக்கத்தில்தான் ஏணியைச் சாய்த்திருந்தார். மூன்றே வரி. சர்வரின் முகவரியும் 8080 என்ற போர்ட் எண்ணும் முதல் வரி. யூசர் நேம் டாம்கேட் என்பது இரண்டாவது. பாஸ்வேர்ட் டாம்கேட் என்பது மூன்றாவது.

காலேஜில் நெட்வொர்க் செக்யூரிட்டி பேப்பரில் நல்ல மார்க் வாங்கிய சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. "சார், ரெண்டும் ஒண்ணாவே இருக்கே?" என்று சீனியரிடம் கேட்டேன்.

"அதனாலதான் தம்பி இதுவரைக்கும் யாருக்கும் மறக்கல" என்றார்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் அதே மாதிரி ஒரு சர்வரை ஒரு ஸ்கிரிப்ட் தொட வேண்டுமானால் ஏழு வாசல் தாண்ட வேண்டும். பாஸ்வேர்ட் என்ன என்று எனக்கே தெரியாது. தெரியக் கூடாது என்று விதி. இருந்தும் அந்த மஞ்சள் சீட்டு எங்கோ இருக்கிறது, ஆபீஸை விட்டே போகவில்லை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அது நகர்ந்த பாதையைத்தான் அன்றிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்து வருகிறேன்.

டாம்கேட் என்பது ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை ஓட்டும் சர்வர். சன் நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதியது. 1999-ல் அப்பாச்சி அமைப்பின் கைக்குப் போனது. தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் ஒரு பிராணியின் பெயர் வேண்டும் என்று யோசித்துக் கடுவன் பூனையின் பெயரை வைத்தாராம். அந்தப் பூனையை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்குள் மேனேஜர் என்று ஒரு பக்கம் உண்டு. திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி குதித்து வந்து யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும். மானிட்டர் ஓரத்தைப் பார்த்து அடித்தால் சர்வரில் ஓடும் செயலிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறுத்து, திரும்ப ஓட்டு, அடியோடு எடுத்துவிடு என்று சுட்டிகள், பஸ் ஸ்டாண்ட் பூக்கடைகள் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு. வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் பழைய செயலியை எடுத்துவிட்டுப் புதுச் செயலியின் வார் ஃபைலை ஏற்றுவது என் வேலை. நான்காவது வாரமே கை தவறி, பக்கத்து வரியில் இருந்த இன்னொரு கஸ்டமரின் செயலியை எடுத்துவிட்டேன். அது போனதே மறுநாள் காலை அவர்கள் போன் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

"மனுஷன் கை வச்சாத்தான் இந்த வம்பு. ஸ்கிரிப்ட் எழுதிடு" என்றார் சீனியர்.

மேனேஜருக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது. பட்டியல், படம் எதுவும் கிடையாது. ஒரு முகவரியைக் கூப்பிட்டால் ஒரு வரியில் பதில் சொல்லும். நல்லபடியாக முடிந்தால் அந்த வரி 'ஓகே' என்று ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் 'ஃபெயில்'. இவ்வளவு குறைவாகப் பேசும் மேனேஜரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. ஆன்ட் என்ற கருவிக்கு இதற்கென்றே தயார் நிலையில் கட்டளைகள் இருந்தன. ஒரு ஜார் ஃபைலை ஆன்ட்டின் லிப் ஃபோல்டரில் போட்டு, பத்து வரி எழுதினால் போதும். பதினோராவது வரியில் மாட்டிக்கொண்டேன். சாம்பல் பெட்டி வந்தால் மனிதன் மானிட்டர் ஓரத்தைப் பார்ப்பான். ஸ்கிரிப்ட் எதைப் பார்க்கும்?

சீட்டு முதல் தடவையாக இடம் மாறியது அன்றைக்குத்தான். மானிட்டரிலிருந்து பில்ட் பிராப்பர்ட்டீஸ் என்ற ஃபைலுக்குப் போனது. அந்த ஃபைலை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்த வசதியாக, எங்கள் பொது நிரல் கிடங்கான எஸ்.வி.என்.னில் ஏற்றினேன். அதே வாரம் எச்.ஆர். அனுப்பிய சுற்றறிக்கையில், 'பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கக் கூடாது' என்று தடித்த எழுத்தில் இருந்தது. மானிட்டரில் இருந்த சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டுக் கட்டுப்பட்டதாகக் கையெழுத்துப் போட்டோம். எஸ்.வி.என். பற்றி எச்.ஆருக்குத் தெரியாது.

உலகம் முழுக்க இதே லட்சணம்தான் என்பது பிறகு புரிந்தது. டாம்கேட்டின் விண்டோஸ் இன்ஸ்டாலர், அட்மின் என்ற பயனரை உண்டாக்கிப் பாஸ்வேர்டைக் காலியாகவே விட்டுப் போகிறது என்று 2009-ல் பாதுகாப்புக் குறையாக அறிவித்தார்கள். மேனேஜருக்குள் போனவன் தன் வார் ஃபைலை ஏற்றிச் சர்வரையே தன் இஷ்டத்துக்கு ஆட்டலாம்; அந்த வாசலுக்குத் தாழ்ப்பாளே போடவில்லை. பின்னால் வந்த பதிப்புகளில், தப்பான பாஸ்வேர்ட் கொடுத்தால் வரும் பிழைப் பக்கமே எந்த ஃபைலில் என்ன வரியைச் சேர்க்க வேண்டும் என்று உதாரணத்தோடு சொல்லிக் கொடுக்கும். அந்த உதாரணத்தில் பாஸ்வேர்ட், 'சீக்ரெட்' என்ற சொல்லின் இரண்டாவது எழுத்தை மட்டும் 3 ஆக மாற்றியது. அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்ட சர்வர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கும் ஒரு நாள் ஞானோதயம் வந்தது. வெளிநாட்டுக் கஸ்டமர் ஒருவர் தணிக்கைக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னதும், பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் கட்டாயம், தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தின் ஆதிமூலம் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்புக்காக பில் பர் என்பவர் 2003-ல் எழுதிய குறிப்பு. 2017-ல், எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே சொல்லிவிட்டார். அந்த வருத்தம் எங்கள் ஆபீஸுக்கு வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

சீனியர் புதுப் பாஸ்வேர்ட் வைத்தார். ஊர்ப் பெயர், டாலர் குறி, ஆண்டு: மதுரை$2009. பிரவுசரில் அடித்தால் உள்ளே விட்டது. ஸ்கிரிப்ட் போனால் 401, அதாவது 'நீ யார்?' அப்போது ஆன்ட்டை விட்டுவிட்டு கர்ல் கட்டளையை வைத்து ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஸ்கிரிப்டிலிருந்து பாஸ்வேர்டை நகலெடுத்துப் பிரவுசரில் ஒட்டினால் திறந்தது. பிரவுசரில் போட்டதை ஸ்கிரிப்டில் ஒட்டினால் 401. ராத்திரி பதினொன்றரைக்கு, வேறு வழியில்லாமல், பாஸ்வேர்டைத் திரையில் காட்டும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். வந்தது: மதுரை009.

டாலரும் 2-ம் எங்கே?

இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியோடு 2 வந்தால் ஷெல்லுக்கு அதன் பொருளே வேறு. ஸ்கிரிப்டைக் கூப்பிடும்போது கொடுத்த இரண்டாவது சொல்லை எடுத்து இங்கே வை என்று அர்த்தம். நான் எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த இடத்தில் வெறுமையை வைத்துவிட்டு மீதியை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒற்றை மேற்கோள் போட்டிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். அடுத்த தொண்ணூறாவது நாள், உஷாராக, டாலருக்குப் பதிலாக & குறி வைத்தோம். டாம்கேட்டின் பயனர் பட்டியல் இருக்கும் ஃபைல் எக்ஸ்.எம்.எல். அதில் அந்தக் குறியை அப்படியே எழுதினால் ஃபைலையே படிக்க முடியாது. இந்த முறை ஸ்கிரிப்ட் மட்டுமில்லை, யாருமே உள்ளே போக முடியவில்லை. மூன்றாம் முறை @ வைத்தோம். முகவரிக்குள்ளேயே யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதும் பழைய பழக்கம் ஒன்று உண்டு; அதில் பாஸ்வேர்ட் முடிந்தது என்பதற்கு அடையாளமே @ தான். நடுவில் @ வந்தால் பாஸ்வேர்டின் பாதி, சர்வரின் பெயராகிவிடும். அப்படி ஒரு சர்வரைத் தேடி எங்கள் ஸ்கிரிப்ட் இணையமெல்லாம் அலைந்தது. சிறப்புக் குறி வேண்டும் என்று சட்டம் போட்டவர் ஒரு தடவையாவது அதை ஸ்கிரிப்டுக்குள் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

"அனுப்பும்போது என்கிரிப்ட் ஆயிடுதுப்பா, கவலைப்படாதே" என்று சீனியர் அடிக்கடி சொல்வார். அவர் சொன்னது பேஸ்-64. அதில் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. மூன்று எழுத்தை நான்கு எழுத்தாக விரித்து எழுதுவதுதான். யார் வேண்டுமானாலும் திரும்பச் சுருக்கலாம். கொஞ்ச நாளில் கண்ணே பழகிவிட்டது. ஒய், டபிள்யூ, ஆர், சின்ன டி என்று ஆரம்பித்தால் உள்ளே இருப்பது அட்மின்தான் என்று லாகைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். பாஸ்வேர்டை இப்படி அனுப்பும் முறையை விளக்கும் 1996-ம் ஆண்டு ஆவணத்தில் உதாரணப் பயனரின் பெயர் அலாவுதீன். பாஸ்வேர்ட், 'திறந்திடு சீசேம்'. எம்.ஜி.ஆர். படத்தை 1956-லிருந்து பார்த்து வரும் நமக்குத் தெரியும், குகையைத் திறக்கும் அந்த மந்திரம் அலிபாபாவுடையது. அலாவுதீனிடம் இருந்தது விளக்கு. 2015-ல் ஆவணத்தைத் திருத்தி எழுதியபோதும் ஆளை மாற்றவில்லை. ஆக, இன்னொருவரின் பாஸ்வேர்டை வைத்து உள்ளே போவது இந்தத் தொழிலில் மூல ஆவணத்திலேயே தொடங்கிவிட்டது.

அடுத்து நடந்ததற்கு நான்தான் முழுப் பொறுப்பு. கம்பெனி மாறி, எனக்கும் இரண்டு பேர் 'அண்ணா' என்று கூப்பிடும் நிலை வந்திருந்தது. டாம்கேட்டும் தேறியிருந்தது. மேனேஜர் என்ற ஒற்றை அதிகாரத்தை நான்காகப் பிரித்திருந்தார்கள்: திரையில் பார்ப்பவருக்கு ஒன்று, ஸ்கிரிப்டுக்கு ஒன்று, இப்படி. ஐந்து முறை தப்பான பாஸ்வேர்ட் கொடுத்தால் அந்தப் பயனரை 300 விநாடிக்கு வெளியே நிறுத்திவிடும் ஏற்பாடும் வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை பாஸ்வேர்டை மாற்றினோம். செவ்வாய் காலை அட்மினால் உள்ளே போக முடியவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து முயன்றால் மறுபடியும் பூட்டு. அரை மணி நேரம் காத்திருந்தோம். பூட்டு.

"அண்ணா, யாரோ வெளியிலிருந்து அடிச்சுக்கிட்டே இருக்கான்" என்றான் இளைஞன், குரலில் கொஞ்சம் சந்தோஷத்தோடு. அவன் பார்க்கும் முதல் ஹேக்கர். மேலதிகாரிக்குச் செய்தி போனது. ஒரு மீட்டிங் நடந்தது. சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிடுங்கிவிடலாமா என்றுகூடப் பேசினார்கள்.

லாகை எடுத்துப் பார்த்தோம். நிமிடத்துக்கு ஒரு முறை, தவறாமல், முதல் விநாடியிலேயே ஒரு 401. ராத்திரி இரண்டு மணிக்கும் அதே. விடிகாலை நான்குக்கும் அதே. இவ்வளவு ஒழுக்கமான திருடனை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தோல்வியும் 300 விநாடிக் கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்துவைத்ததால், பூட்டு திறக்க நேரமே வரவில்லை. வந்த முகவரி என்ன என்று பார்த்தால், அதே அறையில் பக்கத்து ரேக்கில் இருக்கும் எங்கள் மெஷின். அதில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு ஸ்கிரிப்ட், செயலிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று நிமிடத்துக்கு ஒரு முறை மேனேஜரைக் கேட்பதற்காக எப்போதோ எழுதியது. உள்ளே பழைய பாஸ்வேர்ட் பளிச்சென்று. முதல் வரியில் எழுதியவர் பெயர்.

என் பெயர்.

இளைஞன் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "டீ சாப்பிடலாமாண்ணா?" என்றான். நல்ல பையன்.

அதற்குப் பிறகு காலம் வேகமெடுத்தது. பாஸ்வேர்ட் ஸ்கிரிப்டுக்குள் இருக்கக் கூடாது என்றார்கள். சூழல் மாறிகளுக்கு மாற்றினோம். அங்கேயும் கூடாது என்றார்கள், ஸ்கிரிப்டுகளை ஓட்டும் ஜென்கின்ஸிடம் ஒப்படைத்தோம். பிறகு செயலிகளை நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸ் வந்தது. அதில் சீக்ரெட் என்றே ஒரு தனிப் பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஆகா, கடைசியில் ஒரு இரும்புப் பெட்டி கிடைத்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் சீக்ரெட்டைத் திறந்து பார்த்தேன். ஒய், டபிள்யூ, ஆர், சின்ன டி. பழைய சிநேகிதர் பேஸ்-64, புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

லாகில் பாஸ்வேர்ட் தெரியாமல் நட்சத்திரக் குறி போட்டு மறைக்கும் வித்தையும் வந்தது. சோதனைச் சர்வர் ஒன்றில் யாரோ பாஸ்வேர்டாக அட்மின் என்றே வைத்திருந்தார்கள். மறைக்கும் கருவிக்கு அது பாஸ்வேர்டா, சாதாரணச் சொல்லா என்று எப்படித் தெரியும்? லாக் முழுக்க அட்மின் என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் மூன்று நட்சத்திரம். எந்தச் சொல் எங்கேயும் இல்லை என்று பார்த்தே பாஸ்வேர்ட் என்ன என்று சொல்லிவிடலாம்.

இப்போது வால்ட். பாஸ்வேர்டுகள் எல்லாம் அதற்குள். ஸ்கிரிப்ட் போய்க் கேட்டால் தரும். ஆனால் கேட்பது எங்கள் ஸ்கிரிப்ட்தான் என்று அது நம்ப வேண்டுமே. அதற்கு ஒரு டோக்கன். அந்த டோக்கனை எங்கே வைப்பது? பெட்டிக்குச் சாவி, சாவிக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு சாவி. இந்த முதல் ரகசியத்துக்கு ரகசியம் பூஜ்யம் என்று தொழிலில் ஒரு பெயரே உண்டு. கிளவுடில் இருப்பவர்களுக்கு மெஷினே தன்னை யாரென்று நிரூபித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. எங்கள் மெஷின்கள் சொந்த அறையில், சொந்த ரேக்கில். எங்களில் யாராவது எதையாவது எங்காவது எழுதி வைத்தாக வேண்டும்.

வால்டுக்கு இன்னொரு குணம். நின்று மறுபடி கிளம்பினால் பூட்டிய நிலையில்தான் எழுந்திருக்கும். திறக்கும் சாவியை ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுத்திருப்பார்கள். ஏதாவது மூன்று சேர்ந்தால் திறக்கும். 1979-ல் அடி ஷமீர் என்ற கணித மேதை கண்டுபிடித்த வித்தை. இதை எங்களுக்கு வகுப்பெடுத்தபோது எல்லாரும் அசந்துபோனார்கள். எனக்கு மட்டும் எங்கள் ஊர்க் கோயில் ஞாபகம். அம்மன் நகைப் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று வீட்டில் சாவி. திருவிழாவுக்கு முதல் நாள் மூவரும் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்களா என்பதுதான் ஊரின் முதல் கவலை.

போன வைகாசியில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். வரவேற்பு ராத்திரி, பந்தியில் இலை போட்ட நேரத்தில் போன். சென்னையில் மின்சாரம் போய் வந்ததில் வால்ட் பூட்டிக்கொண்டது. ஸ்கிரிப்ட் எதற்கும் பாஸ்வேர்ட் கிடைக்கவில்லை. விடிவதற்குள் கஸ்டமருக்குப் புதுப் பதிப்பு ஏற்ற வேண்டும். ஐவரில் ஒருவர் விமானத்தில், ஒருவர் போனை எடுக்கவில்லை. மற்ற இருவர் தங்கள் துண்டைப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது நான்.

லேப்டாப்போடு சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி, சாம்பார் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, சென்னையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். பூஜை அறையில் முருகர் படத்தின் பின்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், எடுத்துப் படி என்றேன்.

"இது என்னங்க, வார்த்தையே இல்ல?"

"ஒவ்வொரு எழுத்தா சொல்லு. நாப்பத்துநாலு இருக்கும்."

வெளியே இன்னிசைக் கச்சேரி உச்சத்தில் இருந்தது. பி என்றால் டி என்று கேட்டது; டி என்றால் வி. "பாம்பே பி, டெல்லி டி" என்று அவளே வழி கண்டுபிடித்தாள். "பெரிய ஐ-யா, சின்ன எல்-லா தெரியலையே. வெறும் கோடா இருக்கு." நானே என் கையால் எழுதியது. இரண்டையும் போட்டுப் பார்க்கிறேன், மேலே சொல் என்றேன். "ஒரு சாய்ஞ்ச கோடு இருக்கு. எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னும் சொல்லணுமா?"

முதல் தடவை தவறு. இரண்டாவது தடவை ஐ-யை எல் ஆக்கினேன். திறந்தது. சென்னையில் ஸ்கிரிப்ட் ஓடி, வால்டிடமிருந்து பாஸ்வேர்டை வாங்கி, பேஸ்-64 ஆக்கி, டாம்கேட்டின் பின்வாசலில் நீட்டியது. 2008-ல் வந்த அதே ஒற்றை வரிப் பதில், 'ஓகே' என்று.

"முடிஞ்சுதா? சீட்டை என்ன பண்ண?"

"எடுத்த இடத்துலயே வச்சிடு."

"டேப் காய்ஞ்சு உரிஞ்சு வந்துடுச்சுங்க. புதுசா ஒட்டட்டுமா?"

ஒட்டு என்றேன்.